2048 சொற்கள்: இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளும் நினைவகப் பஞ்சமும்

1962ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், பம்பாயின் கொலாபாப் பகுதியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் புதிய கட்டடங்களைத் திறந்து வைக்க வந்த ஜவாஹர்லால் நேரு, அங்கு ஏறத்தாழ ஈராண்டுகளாக இயங்கிவந்த ஓர் எந்திரத்துக்குப் பெயரும் சூட்டினார். அப்பெயர் டிஃப்ராக். நிறுவனத்தின் பெயரோடு தானியங்கிக் கணிப்பான் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த சுருக்கம் அது. சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மனின் தலைமையில் ஒரு சிறு குழு வடிவமைத்துக் கட்டிய எந்திரம் அது. ஏறத்தாழ 2700 வெற்றிடக் குழாய்கள் அதில் எரிந்துகொண்டிருந்தன. அதன் நினைவகத்தின் கொள்ளளவு 2048 சொற்கள்.

‘சொல்’ என்பது இங்கு ஒரு கலைச்சொல். கணினி ஒரே முறையில் எடுத்துக் கையாளும் பிட்டுகளின் தொகுதிக்குச் சொல் என்று பெயர். டிஃப்ராக்கில் ஒரு சொல்லுக்கு 40 பிட்டுகள். ஆக மொத்தம் 81,920 பிட்டுகள். இன்றைய அளவையில் சரியாகப் பத்துக் கிலோபைட்டு. கைப்பேசியில் எடுக்கும் மூன்று மெகாபைட்டு நிழற்படம் ஒன்றைச் சேமிக்க ஏறத்தாழ முந்நூறு டிஃப்ராக்குகளின் நினைவகம் வேண்டும். இன்று வழங்கும் ஒருங்குறி முறையில் எழுதினால், இக்கட்டுரையின் முதல் சில பத்திகளே அந்த நினைவகத்தை நிரப்பிவிடும்.

இத்தகைய ஒப்பீடு தொடக்ககாலக் கணினிகளைப் பற்றிய பேச்சில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அறை நிறைய எந்திரம், உள்ளங்கையளவு நினைவகம் என்று வியப்பதும், அவ்வளவு சிறிய இடத்தில் எவ்வளவு பெரிய வேலையைச் செய்தார்கள் என்று ஏங்குவதும் அச்சடங்கின் இரு படிகள். அந்த ஏக்கத்தில் பொய் இல்லை. ஆயினும் அது அளவை நினைவில் வைத்துக்கொண்டு முடிவுகளை மறந்துவிடுகிறது. இடம் குறைவாக இருக்கும்போது எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். எந்திரங்கள் பிரிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆன பின்னும் அம்முடிவுகள் உயிரோடு இருக்கின்றன. அவற்றுள் எவை பதிவு செய்யப்பட்டன, எவை பதிவு செய்யப்படாமல் போயின என்பதே இந்தியக் கணினி வரலாற்றில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

உருளையும் வளையமும்

இந்தியாவுக்கு வந்த முதல் இலக்கமுறைக் கணினி டிஃப்ராக் அன்று. பி. சி. மகலனோபிஸ் நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1955இல் இங்கிலாந்திலிருந்து ஹெச்இசி-2எம் என்னும் எந்திரம் கப்பலேறி வந்தது. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை. கொள்ளளவு 1024 சொற்கள். உருளை நினைவகத்தில் இடத்தின் சிக்கலோடு காலத்தின் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். தேவையான சொல் படிப்புமுனைக்கு அடியில் சுழன்று வரும் வரை எந்திரம் காத்திருக்க வேண்டும். ஆதலால் உருளைக் கணினிகளுக்கு நிரல் எழுதியவர்கள், எந்த எண்ணை உருளையின் எந்த இடத்தில் வைத்தால் காத்திருப்புக் குறையும் என்பதையும் கணக்கிட்டே எழுத வேண்டியிருந்தது.

பம்பாயில் வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1956இன் இறுதியில் இயங்கத் தொடங்கிய முன்மாதிரி எந்திரமும், 1960இல் பணிக்கு வந்த முழு எந்திரமும் ஃபெரைட் வளைய நினைவகத்தைக் கொண்டிருந்தன. முன்மாதிரியில் 12 பிட்டு நீளமுள்ள 256 சொற்கள் மட்டுமே. அதாவது 384 பைட்டு. வளைய நினைவகத்தில் ஒரு பிட்டுக்கு ஒரு வளையம். மணியளவே உள்ள அவ்வளையங்களின் ஊடே மெல்லிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஒரு வலைபோல் பின்னுவர். வளையம் வலஞ்சுழியாகக் காந்தமேறினால் ஒன்று, இடஞ்சுழியாக ஏறினால் சுழி என்று கொள்ளலாம். இந்த அமைப்பில் ஒரு விந்தை உண்டு. ஒரு வளையத்தில் உள்ளதைப் படிக்க அதைச் சுழி நிலைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். எனவே படித்த மாத்திரத்தில் அது அழிந்துவிடும். படித்ததை உடனே திரும்ப எழுத வேண்டும். ஒவ்வொரு வாசிப்பும் ஓர் அழிப்பு. ஒவ்வொரு நினைவும் மறுபடி எழுதப்பட்டதே.

கணக்கிட வேண்டிய எண்களும், கணக்கிடும் நிரலும் அதே 2048 சொற்களுக்குள் வாழ வேண்டும் என்பதையும் கருத வேண்டும். நிரல் நீண்டால் தரவு சுருங்கும். தரவு பெருகினால் நிரல் இளைக்க வேண்டும். வேலை முடிந்த கட்டளைகளின் மீது புதிய எண்களை எழுதி இடத்தை மீட்டெடுப்பது அக்காலத்து வழக்கமான உத்தி. இந்த உத்தி நிறைவேறிய பின், எந்திரத்துக்குள் இருக்கும் நிரலைப் பார்த்து அது முதலில் எப்படி இருந்தது என்று கண்டறிய இயலாது. எழுதியவரின் தாளில் உள்ள குறிப்பு மட்டுமே சான்று.

வாய்பாட்டுக்கும் இடம் வேண்டும்

1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐபிஎம் 1620 வந்தது. இந்திய மாணவர் ஒரு தலைமுறைக்கு ஃபோர்ட்ரான் மொழியைக் கற்பித்த எந்திரம் என்று அதைச் சொல்லலாம். அதன் நினைவகத்தைச் சொற்களால் அளப்பதில்லை. பதின்ம இலக்கங்களால் அளப்பார்கள். அவ்வகை எந்திரத்தின் அடிப்படை அளவு 20,000 இலக்கங்கள்.

அதன் முதல் வடிவத்தில் எண்களைக் கூட்டுவதற்கெனத் தனி மின்சுற்று இல்லை. கூட்டல் வாய்பாடும் பெருக்கல் வாய்பாடும் நினைவகத்திலேயே குறிப்பிட்ட இடங்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஏழும் எட்டும் எத்தனை என்று கேட்டால், எந்திரம் வாய்பாட்டில் அதற்குரிய இடத்தைப் பார்த்து விடை சொல்லும். மின்சுற்றின் விலையை மிச்சப்படுத்த நினைவகத்தின் ஒரு பகுதி விட்டுக்கொடுக்கப்பட்டது. தவறான நிரல் ஒன்று அந்த வாய்பாட்டின் மீது வேறு எண்களை எழுதிவிட்டால், அடுத்து வரும் கணக்குகள் எல்லாம் பிழையாகும். எந்திரமோ எவ்வித ஐயமுமின்றி விடை தந்துகொண்டே இருக்கும். சிறிய நினைவகத்தில் எதை எங்கே வைப்பது என்ற முடிவு, விடை சரியா தவறா என்பதையே தீர்மானித்தது.

சிந்துவெளி எழுத்தின் 15 கிலோபைட்டு

டாடா நிறுவனத்தில் டிஃப்ராக்கின் இடத்துக்கு 1964இல் அமெரிக்க உதவியோடு சிடிசி 3600 வந்தது. 48 பிட்டு நீளமுள்ள 32,768 சொற்கள் என்பது அன்றைய கணக்கில் பெருஞ்செல்வம். இன்றைய கணக்கில் 192 கிலோபைட்டு. நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வாளர்கள் தங்கள் கணக்குகளை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குச் சென்ற காலம் அது.

மொழியியலாளர்க்கு அந்நிறுவனத்தின் கணினிப் பணிகளுள் ஒன்று தனிச்சிறப்புடையது. ஐராவதம் மகாதேவன் 1970களின் தொடக்கத்தில் சிந்துவெளிப் பொறிப்புகளை அந்நிறுவனத்தின் கணினியின் துணைகொண்டு தொகுத்தார். அதன் விளைவு 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட சிந்துவெளி எழுத்தின் பனுவல்களும் குறியடைவும் அட்டவணைகளும் அடங்கிய பெருந்தொகுதி. அதில் 2906 பொருள்களின் பொறிப்புகள் இடம்பெற்றன. அவற்றில் உள்ள குறிகள் 417 வகையாகப் பிரிக்கப்பட்டன. குறிகள் வரும் இடங்கள் மொத்தம் 13,372.

இதை நினைவகத்தின் மொழியில் பெயர்த்துப் பார்க்கலாம். 417 குறிகளை வேறுபடுத்திக் காட்ட ஒரு குறிக்கு 9 பிட்டுகள் போதும். 13,372 இடங்களுக்கு 1,20,348 பிட்டுகள். ஏறத்தாழ 15 கிலோபைட்டு. ஒரு நாகரிகத்தின் எழுத்தில் அன்று தொகுக்கப்பட்ட அளவு இவ்வளவே. டிஃப்ராக்கின் நினைவகத்தில் அது முழுதாக அடங்காது. மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்.

ஆனால் இந்தக் கணக்கின் அடியில் ஒரு முடிவு உள்ளது. முத்திரையில் வெட்டப்பட்ட குறிக்கு எண் கொடுத்தால்தான் கணினி அதைக் கையாளும். இரண்டு வடிவங்களுக்கு ஒரே எண் கொடுப்பதா, வெவ்வேறு எண்கள் கொடுப்பதா என்பதை மனிதரே முடிவு செய்தாக வேண்டும். ஒரு மீன் வடிவத்தின் மேல் சிறு கோடு இருந்தால் அது வேறு குறியா? கோட்டின் சாய்வு மாறினால் அது எழுதியவரின் கைவாகா? ஒலியனையும் மாற்றொலியையும் பிரிக்கும் அதே வினா இங்கு வரிவடிவத்தின் தளத்தில் எழுகிறது. ஒலியனைத் தீர்மானிக்க மொழியைப் பேசுவோர் இருப்பர். சிந்துவெளி எழுத்துக்கோ வாசிப்போர் எவருமில்லை. அஸ்கோ பர்ப்போலா 1994இல் வெளியிட்ட பட்டியலில் 386 குறிகளே உள்ளன. மகாதேவனின் 417க்கும் பர்ப்போலாவின் 386க்கும் உள்ள இடைவெளி எண்ணும்போது நேர்ந்த பிழை அன்று. எவை ஒன்று, எவை வேறு என்பதில் இரு அறிஞர்கள் கொண்ட வேறுபட்ட முடிவு.

மகாதேவனின் தொகுதி இன்றும் பயன்படுவதற்குக் காரணம் அம்முடிவுகள் அச்சில் உள்ளமையே. எந்தக் குறிக்கு எந்த எண், எந்த வடிவங்கள் ஒரே எண்ணின் மாற்றுவடிவங்களாகக் கொள்ளப்பட்டன என்பதை நூலைத் திறக்கும் எவரும் காணலாம். உடன்படாதவர் வேறு வகையாகப் பிரித்து மீண்டும் கணக்கிடலாம். அன்றைய கணினி இன்று இல்லாமற்போனாலும் ஆய்வு இருக்கிறது.

இரண்டு இலக்கச் சிக்கனம்

இதற்கு நேர்மாறான வரலாறு அலுவலகங்களில் நிகழ்ந்தது. 1961இல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தில் நிறுவப்பட்ட ஐபிஎம் 1401 இந்திய வணிகத்துறைக்கு வந்த முதல் கணினி. அவ்வகை எந்திரத்தின் நினைவகம் 1400 எழுத்துகளில் தொடங்கி 16,000 எழுத்துகள் வரை செல்லும். தரவு உள்ளே செல்லும் வாயில் துளை அட்டை. ஓர் அட்டைக்கு 80 நெடுவரிசைகள்; ஒரு நெடுவரிசைக்கு ஓர் எழுத்து.

ஓர் ஊழியரைப் பற்றி அலுவலகம் அறிய வேண்டிய அனைத்தையும் 80 எழுத்துகளில் அடக்குவதாகக் கொள்வோம். பெயருக்கு 20 நெடுவரிசைகள் என்றால், நீண்ட பெயருடையவரின் 21ஆம் எழுத்து அட்டைக்கு வெளியே நிற்கும். ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து வரும் பெயர்கள் முதலெழுத்துகளாகச் சுருங்கும். பிறந்த நாள், பணியில் சேர்ந்த நாள், ஓய்வு நாள் என்று மூன்று தேதிகள் இருந்தால், ஆண்டுக்கு நான்கு இலக்கங்கள் எழுதுவது ஆறு நெடுவரிசைகளை வீணாக்குவது. அனைத்தும் 19 என்றே தொடங்கும்போது அதை ஏன் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்? 1963 என்பது 63 ஆயிற்று. உலகெங்கும் எடுக்கப்பட்ட அந்த முடிவு அன்றைய சூழலில் முற்றிலும் நியாயமானதே.

இந்தியாவில் அன்று கணினியைப் பற்றிய பொது விவாதம் நினைவகத்தைப் பற்றியதாக இல்லை. வேலையைப் பற்றியதாகவே இருந்தது. 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணினி நிறுவப்படுவதை எதிர்த்துப் போராடினர். தானியங்கிமயத்தைப் பற்றி ஆராய வி. எம். தண்டேகர் தலைமையில் அரசு குழு அமைத்தது. எத்தனை பேரின் வேலையை எந்திரம் எடுத்துக்கொள்ளும் என்பது கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் எந்திரத்துக்கு இடம் கொடுத்தபின் அதனுள் எதை எழுதாமல் விடுவார்கள் என்ற கேள்வி எவருடைய கோரிக்கைப் பட்டியலிலும் ஏறத்தக்கதாக இருக்கவில்லை.

விடுபட்ட அந்த இரண்டு இலக்கங்கள் 1990களின் இறுதியில் உலகத்தின் முன் வந்து நின்றன. 2000 என்பது 00 என்று எழுதப்பட்டால் எந்திரம் அதை 1900 என்று கொள்ளக்கூடும். அச்சத்தில் உலகம் பழைய கோபால் நிரல்களைத் திறந்தபோது, பல நிரல்களுக்கு விளக்கக் குறிப்புகள் இல்லை, எழுதியவர்கள் ஓய்வுபெற்றிருந்தனர். வரி வரியாகப் படித்துத் தேதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அவ்வேலையில் பெரும்பங்கு இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்கு வந்தது. அந்நிறுவனங்களின் வளர்ச்சிக்கு அது ஒரு முதன்மையான படி. நினைவகம் பெருகியதால் விளைந்தது என்று பொதுவாகக் கருதப்படும் ஒரு துறை, ஒருகாலத்து நினைவகப் பஞ்சத்தின் கடனை அடைத்ததன் வழியாகவும் வளர்ந்தது. அந்தக் கடனின் பெரும்பகுதி இலக்கங்களைச் சேமித்ததால் வந்ததன்று. எங்கெங்கே சேமித்தோம் என்று எழுதி வைக்காததால் வந்தது.

128 இடங்களும் பத்து எழுத்துமுறைகளும்

1984இல் அரசு தொடங்கிய கிளாஸ் என்னும் பள்ளிக் கணினித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. நினைவகம் 32 கிலோபைட்டு. நுணுக்கமான வரைபடம் காட்டும் திரைமுறையைத் தேர்ந்தெடுத்தால் அதில் 20 கிலோபைட்டைத் திரையே விழுங்கிவிடும். இன்று ஐம்பது வயதை எட்டியிருக்கும் பலருக்குக் கணினி ஏக்கம் என்பது அந்தத் திரையின் நினைவே. அத்திரையில் அவர்கள் கண்டவை ஆங்கில எழுத்துகள்.

இந்திய மொழிகளைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சி கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேர்கொண்டது. அங்கு வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தின் வழியாகப் புனேயிலிருந்து பரவியது. அதன் அடித்தளமாக அமைந்த இஸ்கி என்னும் குறியீட்டு முறையை இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1991இல் ஐஎஸ் 13194 என்ற தரமாக வெளியிட்டது.

ஒரு பைட்டில் 256 இடங்கள். முதற்பாதி ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. எஞ்சியவை 128. தமிழின் 247 எழுத்துகளுக்குக்கூட அது போதாது. பிற மொழிகளின் கூட்டெழுத்துகளைச் சொல்லவே வேண்டியதில்லை. இஸ்கி கண்ட தீர்வு, பிராமியிலிருந்து பிறந்த எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை. தேவநாகரியின் முதல் மெய்க்கும் வங்காளத்தின் முதல் மெய்க்கும் தமிழின் ககரத்துக்கும் ஒரே எண். எழுத்துமுறையைச் சுட்டும் குறியை மாற்றினால் அதே பனுவல் வேறு வரிவடிவில் தோன்றும். தேவநாகரி, வங்காளம், அசாமியம், குர்முகி, குஜராத்தி, ஒடியா, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய பத்தும் 128 இடங்களில் அடங்கின. இந்திய எழுத்துமுறைகளின் பொதுமூலத்தை இவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுத்திக்கொண்ட பொறியியல் வடிவமைப்பு அரிது.

அந்த நேர்த்திக்கு விலையும் உண்டு. பொது அட்டவணையின் வரிசை தேவநாகரியை ஒட்டியது. பிராமி மரபைச் சாராத எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. உருதும் காஷ்மீரியும் எழுதப்படும் பாரசீக-அரபு எழுத்துக்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. சந்தாலியின் ஒல் சிக்கிக்கும் மணிப்புரியின் மெய்தெய் மயெக்குக்கும் அனைத்துலகத் தரத்தில் இடம் கிடைக்க முறையே 2008, 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழுக்கு நேர்ந்தது நுட்பமானது. இலக்கண மரபில் க் என்னும் மெய் அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்தால் க. அட்டவணையிலோ க என்பதே அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்தால் க். உயிர்மெய்க்கு ஓர் இடமும் மெய்க்கு ஈரிடமும் ஆயின. இது வரிவடிவத்தைப் பின்பற்றிய முடிவு, இலக்கணத்தைப் பின்பற்றியதன்று. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பு, 1988ஆம் ஆண்டு இஸ்கியை அடிப்படையாகக் கொண்டதால் இந்த அமைப்பு அப்படியே உலகத் தரமாயிற்று. ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனி அறை கிடைத்தது, இடப்பஞ்சம் தீர்ந்தது. ஆயினும் தமிழ் அறையில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே இன்றும் மூன்று இடங்கள் காலியாக உள்ளன. தேவநாகரியின் பிற ககர இன எழுத்துகள் அமரும் இருக்கைகள் அவை. னகரம் தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்காமல் நகரத்தை அடுத்து நிற்கிறது. குறியீட்டு எண்ணை மட்டும் நம்பி அகரவரிசைப்படுத்தும் நிரல், ‘மலர்’ என்னும் சொல்லுக்கு முன் ‘மனம்’ என்னும் சொல்லை வைத்துவிடும். தமிழ் அகராதி மரபில் மலர் முன்னே வரும். இதைச் சரிசெய்யத் தனி வரிசை விதி தேவை. அவ்விதிகள் இன்று உள்ளன. ஆனால் அவ்விதி தேவைப்படுவதற்குக் காரணம், 128 இடங்கள் மட்டுமே இருந்த நாளில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

பஞ்சத்தின் நிழல் கைப்பேசியிலும் விழுந்தது. குறுஞ்செய்தி ஒன்றின் அளவு 140 பைட்டு. ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்துகள் அடங்கும். எந்த இந்திய எழுத்தில் எழுதினாலும் 70 குறிகளே அடங்கும். மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் அந்த 70இல் தனித்தனியே எண்ணப்படும். ரோமன் எழுத்தில் இந்தியையும் தமிழையும் வங்காளத்தையும் எழுதும் பழக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு செய்திக்கான கட்டணத்தில் பாதிக்கும் குறைவான எழுத்துகளே தாய்மொழிக்குக் கிடைத்தன என்பது அவற்றுள் ஒன்றாக எண்ணத்தக்கது.

படிக்க இயலாத வட்டுகள்

1980களும் 1990களும் இந்திய மொழியியலில் தரவகங்களின் தொடக்கக் காலம். கோலாப்பூரில் சிவாஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். வி. சாஸ்திரி, 1978இல் வெளியான பனுவல்களைக் கொண்டு பத்து லட்சம் சொற்கள் உள்ள இந்திய ஆங்கிலத் தரவகத்தை உருவாக்கினார். ஒரு சொல்லுக்கு இடைவெளி உட்பட ஆறு எழுத்துகள் என்று கொண்டால் ஏறத்தாழ அறுபது லட்சம் எழுத்துகள். 360 கிலோபைட்டு ஃபிளாப்பியில் பதினாறு, பதினேழு வட்டுகள். இன்று ஒரு பாடல் கோப்புக்கு ஆகும் இடம். அத்தரவகம் இன்றும் படிக்கத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், எளிய எழுத்துக்கோப்பாகவும், எந்தப் பனுவலிலிருந்து எந்தப் பகுதி எடுக்கப்பட்டது என்ற கையேட்டுடனும் அது வெளியிடப்பட்டமையே.

மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தோடு தொடர்புடைய இந்திய மொழித் தரவகங்கள் 1990களில் இஸ்கி முறையில் உள்ளிடப்பட்டன. பின்னர் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எமிலி திட்டத்தின் வழியாக அவை ஒருங்குறி வடிவம் பெற்றன. இஸ்கி வெளிப்படையாக அச்சிடப்பட்ட தரமாக இருந்ததால் அந்த மாற்றம் இயலுவதாயிற்று. எந்த எண் எந்த எழுத்து என்பதில் ஐயம் இல்லை.

அதே காலத்தில் மேசைப்பதிப்பு மென்பொருள்களோடு வந்த எண்ணற்ற எழுத்துருக்களின் கதை வேறு. ஒவ்வொரு நிறுவனமும் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தன் விருப்பப்படி இந்திய எழுத்துத் துண்டுகளை அமர்த்தியது. எழுத்துரு இருக்கும் வரை திரையில் தமிழோ கன்னடமோ தெரியும். எழுத்துரு தொலைந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளின் கோவையே எஞ்சும். அக்காலத்து ஆய்வேடுகள், களஆய்வுச் சொற்பட்டியல்கள், வட்டாரவழக்குத் தரவுகள், பழங்குடி மொழிகளின் கதைத் தொகுப்புகள் பல இவ்வடிவில் வட்டுகளில் உறங்குகின்றன. வட்டின் காந்தப்பூச்சு உதிராமல் இருந்து, படிக்கும் கருவியும் கிடைத்து, கோப்பும் திறந்துகொண்டாலும் எந்தக் குறி எந்த ஒலியைச் சுட்டுகிறது என்ற பட்டியல் இல்லாவிட்டால் அது சிந்துவெளி முத்திரையைப் போன்றதே. வேறுபாடு ஒன்றுதான். சிந்துவெளி எழுத்தை எழுதியவரிடம் இனிக் கேட்க இயலாது. இவற்றை எழுதியவர்களில் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

ஆகவே தொடக்ககாலக் கணினிகளை நினைவுகூர்வதில் ஒரு நடைமுறைக் கடமையும் உண்டு. துறை அலமாரிகளின் அடித்தட்டில் கிடக்கும் வட்டுகளோடு அவற்றின் எழுத்துருக்கோப்புகளும் குறியீட்டுப் பட்டியல்களும் தேடி எடுக்கப்பட வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர்களிடமும் தட்டச்சு செய்தவர்களிடமும் அவர்கள் கையாண்ட முறை கேட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். இன்று ஆய்வேடு சமர்ப்பிப்போர், தரவோடு அதன் குறியீட்டு முடிவுகளையும் பின்னிணைப்பாகத் தர வேண்டும்: எவற்றை ஒன்றாகக் கொண்டோம், எவற்றை வேறாகக் கொண்டோம், எவற்றை விட்டோம். சேமிப்பிடம் மலிந்துவிட்டதால் இனி எதையும் விட வேண்டியதில்லை என்ற எண்ணம் பிழையானது. ஒலிப்பதிவில் எந்த ஒலியை எப்படி எழுதுவது என்ற முடிவு எவ்வளவு பெரிய வட்டிலும் மனிதர் எடுக்கும் முடிவாகவே இருக்கும்.

டிஃப்ராக்கின் ஒரு சொல் 40 பிட்டுகள். அதாவது ஐந்து பைட்டு. இஸ்கி முறையில் ‘தமிழ்’ என்று எழுதினால் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று சரியாக ஐந்து பைட்டு ஆகும். எந்திரத்தின் ஒரு சொல்லில் மொழியின் ஒரு சொல் அடங்கிவிடுகிறது. டிஃப்ராக் பணியிலிருந்து நீங்கியபோது இஸ்கி பிறக்கவில்லை என்பதால் இது வெறும் தற்செயல். எனினும் இந்தத் தற்செயலை இன்று கணக்கிட்டுக் காட்ட முடிவதற்குக் காரணம், ஒரு சொல்லுக்கு எத்தனை பிட்டு என்று பம்பாயிலும், ஓர் எழுத்துக்கு எந்த எண் என்று 1991ஆம் ஆண்டுத் தர ஆவணத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.